முன்னாள் எம்.பி. சொன்ன ‘ஆம்’

இருபத்தெட்டு வயதில், கல்யாணமாகாத ஒருவன், ஒரு கோடை விடுமுறை முழுவதையும் நாடாளுமன்ற விவாதத் தொகுப்புகளைப் படித்துக் கழித்தான் என்று யாராவது சொன்னால், அவனுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நானும் நினைப்பேன். அவன் நான்தான். படித்தது மட்டுமல்ல, ரசித்தும் தொலைத்தேன். அவற்றை வைத்து ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பியதுதான் இதில் பெரிய வெட்கக்கேடு.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு டுடோரியல் காலேஜில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் தோற்றவர்களை மறுபடி தோற்பதற்குத் தயார் செய்கிற வேலை. குடியிருந்தது ஒரு முன்னாள் எம்.பி.யின் வீட்டு மாடி அறையில். ஒரே ஒருமுறை ஜெயித்து டில்லி போய், அடுத்த தேர்தலில் தோற்றுத் திரும்பி, கரும்பு போட்டுக்கொண்டிருந்தார். மழை பெய்தால் அவர் பேசுவது கேட்காது. அவ்வளவு மெல்லிய குரல். இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படி ஜெயித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “அப்ப இருந்தது நல்ல மைக்கு” என்றார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம் அது. போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் சாலையின் குறுக்கே கிடந்தன. பஸ் எந்த ஊர் வரைக்கும் போகும் என்று டிரைவருக்கே தெரியாது. தியாகதுருகத்தில் மாநாடு என்று போராட்டக் குழு அறிவித்திருந்தது. அந்த மேடையில் ஏறாத பெரிய மனிதர், ‘அன்னிக்கு நீ எங்க இருந்தே’ என்ற கேள்விக்கு ஆயுசு முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேச்சாளர்கள் வரிசையில் எங்கள் வீட்டுக்கார ஐயாவின் பெயர் இல்லை.

குழுவின் செயலாளர் உரக்கடை வைத்திருந்த இளைஞர். ஐயாவுக்குத் தூரத்து உறவு. வீட்டுக்கு வந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க பெரீப்பா. ஒதுக்கீடு வேணும்னு டில்லில ஒருத்தர் தீர்மானம் கொண்டாந்தப்ப உங்க கட்சி வேணாம்னுடுச்சு. நீங்க இன்னா சொன்னீங்கன்னு பசங்க கேக்கறானுங்க.”

“ஆம்னு சொன்னேன்டா.”

“எதுல போட்டுக்குது?”

ஐயா என்னைப் பார்த்தார். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். டில்லியிலிருந்து தபாலில் வந்த விவாதத் தொகுப்புகள், கட்டிய சணல் அவிழாமல், அரிசி டின்னைத் தாங்கிக்கொண்டிருந்தன. அவருடைய மனைவி முணுமுணுத்துக்கொண்டே டின்னை இறக்கிக் கொடுத்தார்.

அந்த நாள் விவாதம் கிடைத்தது. பலர் நீளமாகப் பேசியிருந்தார்கள். கடைசியில் சபைத் தலைவர் ‘ஆம் என்பவர்கள் சொல்லுங்கள், இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்’ என்று கேட்கிறார். தீர்மானம் தோற்றது. அவ்வளவுதான். யார் ஆம், யார் இல்லை என்று ஒரு பெயர்கூடக் கிடையாது. அங்கே பெரும்பாலான விஷயங்களை முடிவுசெய்வது தொண்டைதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று தலைவரின் காதுக்குப் படுகிறதோ, அந்தப் பக்கம் ஜெயித்ததாகக் கணக்கு. எண்ணித்தான் ஆகவேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால்தான் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள், பெயரும் ஏறும். அன்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

தேடியது கிடைக்காத ஆத்திரத்தில் தேடாததையெல்லாம் படித்தேன். ஐயா ஒருமுறை எழுந்து, ஜவ்வரிசி மீதான வரியை நீக்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசியிருந்தார். சின்னசேலம் பக்கம் மைத்துனர் நடத்திய ஜவ்வரிசி மில்லில் அவருக்குப் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். சில நாட்டு நாடாளுமன்றங்களில் உறுப்பினர்கள் இம்மாதிரிச் சொந்த லாபங்களை முன்கூட்டியே வெளியே சொல்லிவிட வேண்டும் என்று எதிலோ படித்திருந்தேன். படித்ததை உடனே யார்மேலாவது பிரயோகித்துப் பார்ப்பது என் வியாதி.

“எல்லாத்தையும் நாமளே அச்சடிச்சுக் குடுத்துடலாங்கய்யா. மில்லை மறைக்காதவர் ஓட்டு விஷயத்துல பொய் சொல்லமாட்டார்னு ஜனங்க புரிஞ்சுக்குவாங்க.”

 ஐயா தலையை ஆட்டியது போலிருந்தது. நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

துண்டறிக்கை அச்சாகி வந்தது. இடப்பக்கம் அவர் ஓட்டளித்த விவரம், வலப்பக்கம் சொத்து விவரம். இடப்பக்கத்தில், ‘ஆம் என்றதாக உறுப்பினர் தெரிவிக்கிறார்’ என்று ஒற்றை வரி. வலப்பக்கத்தில் நஞ்சை, புஞ்சை, கிணறு, மில் பங்கு, மனைவியின் நகை என்று அடிவரை இறங்கியது. மொத்தத்தில் அது பெண் வீட்டாருக்கு அனுப்பும் ஜாதகம் போலிருந்தது.

செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேப்பர்ல இன்னா வேணா அடிக்கலாம், சார்” என்று என்னிடம் கொடுத்துவிட்டு ஐயாவிடம் திரும்பினார். “மலையடிவாரத்து அம்மன் கோயிலுக்கு வந்து கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிடுங்க பெரீப்பா. அதுக்கு மேல எவன் பேசுவான்? மாநாட்டுல மொதப் பேச்சே உங்களுதுதான்.”

கல்வராயன் மலையடிவாரத்தில் அன்று சந்தை. மலையிலிருந்து ஜவ்வரிசி மில்லுக்கான மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு இறங்கியிருந்தவர்களும் கோயில் முன்னால் கூடிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்து, துண்டறிக்கையை உரக்கப் படித்தேன். ஜவ்வரிசி வரி என்றதும் கைதட்டல்.

“கெழங்குக்காவ டில்லில பேசினாரா? நல்ல மனுசன்” என்றார் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு மலைக்காரர்.

“மில்லுல அவருக்கே பங்கு இருக்குதுங்க” என்று நான் விளக்கினேன்.

“மில்லு இல்லாதவன் கெழங்கப் பத்தி எதுக்கு சாமி பேசப்போறான்?”

நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தட்டில் கற்பூரம் ஏற்றப்பட்டது. செயலாளர் வாசகத்தை எடுத்துக்கொடுத்தார். “சபையில எல்லாரும் கேக்கறமாதிரி ஆம்னு சொன்னேன், இது சத்தியம்னு சொல்லி அணைச்சிடுங்க.”

ஐயாவின் கை கற்பூரத்துக்கு மேலே போய் அப்படியே நின்றது.

“சொன்னேன்” என்றார். “எல்லாரும் கேக்கறமாதிரின்னு சொல்ல முடியாது.”

“பக்கத்து சீட்டுக்காரருக்காச்சும் கேட்டிருக்கும்ல?”

“அவருக்குக் கேட்டுடப் போவுதுன்னுதான்டா மெதுவா சொன்னேன். அவரும் எங்க கட்சிதானே.”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. செயலாளர் தட்டை எடுத்துக்கொண்டு, ஐயாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் மறுபடி ஒரு மரம் கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். “பேரு பதிவாவாதுன்னு தெரிஞ்சதாலதான் வாத்தியாரே, அதையாவது சொல்ல முடிஞ்சுது” என்றார் ஐயா.  ஏட்டில் ஏறாது என்ற தைரியத்தில் சொன்ன சொல். ஏட்டில் ஏறாததாலேயே செல்லாமல் போன சொல். கட்சிக்குப் பயந்து குரலைத் தாழ்த்தியவர், மேடை போனாலும் போகட்டும் என்று கற்பூரத்தின் முன் பொய் சொல்ல மறுத்தார். அவரைக் கோழை என்பதா, யோக்கியர் என்பதா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எந்தச் சபையிலும் முணுமுணுக்கக்கூட வாய்ப்புக் கிடைக்காத நான் மதிப்பெண் போடுவது சரியல்ல என்று அப்போதைக்கு நிறுத்திக்கொள்வேன்.

மாநாட்டுக்கு ஐயா போனார். மேடைக்கு அல்ல, ஜனத்தோடு ஜனமாகத் தரையில் உட்கார்ந்தார். கோஷம் போட்டபோது அவர் வாயைக் கவனித்தேன். அசைந்தது. பக்கத்திலேயே இருந்தும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தொகுப்புகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் மனைவி அவற்றை முன்போல அடுக்கி, அரிசி டின்னை மேலே தூக்கி வைத்தார்.

“இதுக்கா தம்பி லீவு பூரா உக்காந்து படிச்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. இவரு என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே இப்பிடித்தான். பொண்ணப் புடிச்சுருக்குதான்னு கேட்டாங்க. இன்னா சொன்னாருன்னு எங்கப்பாவுக்குக் கடைசி வரிக்கும் தெரியல.”