கடுகு சுற்றிய தாள்கள்

வீட்டிலேயே படிக்கும் பேரனுக்கு மகள் மேலதிக இலக்கணப் பயிற்சித்தாள்களை அச்செடுத்துக்கொண்டிருந்தாள். குசினியில் கடுகு வெடித்த வாசனை என்னை நான் சின்ன வயதில் வளர்ந்த அக்கராயனுக்கு இழுத்தது.

அங்கே பள்ளிக்கூடம் வெகுதூரம். எனக்கு அம்மாதான் வாத்தியார். கடையில் சாமான் சுற்றித் தரும் பழைய பள்ளிக் கொப்பித் தாள்களை நீவியெடுத்து, அதிலிருந்த இலக்கணக் கேள்விகளையே எனக்கும் கொடுப்பார்.

ஒருநாள் அந்தத் தாள்கள் அப்பாவிடம் அகப்பட்டன. சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்றிருந்தது.

“நான் வயலுக்குப் போன பிறகு எந்த வாத்தியார் இஞ்சை வந்து போறவர்?”

“அது கடையிலை கடுகு சுத்தின கடதாசியப்பா,” என்றார் அம்மா.

அப்பா நம்பவில்லை. சைக்கிளில் கடைக்கே போனார். திரும்பி வந்தவர், கடுகு சுற்றிய ஏழு கடதாசிச் சரைகளை என் முன்னால் வைத்தார்.

“எல்லாம் இலக்கணத் தாளாப் பாத்துச் சுத்தச் சொன்னனான், பிள்ளை.”

அந்தக் கடுகு முடியும்வரை அம்மா அவரோடு கதைக்கவேயில்லை.