மயிலுக்குப் பிடிக்காத சத்தம்

செல்போன் ரிப்பேர் தொழிலில் கண்ணைவிடக் காதுதான் முதலில் தேயும். ஸ்பீக்கர் மாற்றினால் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்காக நாள் முழுக்க ஒரே பாட்டைப் போட்டுக் கேட்டவர்களுக்குத்தான் என் வேதனை புரியும். விராலிமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நான் அதற்குக் கண்டுபிடித்த மருந்து ஓர் இலவச ஆப். தொட்டால் சத்தம் போடும், அவ்வளவுதான் அதன் வேலை. கழுதை, குக்கர், தும்மல், ஆம்புலன்ஸ், சொல்லக் கூச்சமான இன்னொன்று என்று மொத்தம் அறுபத்து நாலு சத்தங்கள். எந்தச் சத்தத்துக்கு எந்த முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதில் எனக்கு அப்படி ஓர் ஆனந்தம். சிரிக்காதீர்கள், உங்கள் போனிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

அஞ்சு விசில்

ஸ்பீக்கர் மாற்றக் கொடுத்திருந்த டீச்சர் ஒருவர், கடை வாசலில் தோழியிடம் பரீட்சைப் பேப்பர் கதை பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே குக்கர் விசிலைத் தொட்டேன். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. கழற்றி மாட்டி மறுபடி தொட்டேன். இப்படியே ஐந்து தடவை. பேச்சை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல் டீச்சர் சொன்னார்: “அஞ்சு விசில் ஆச்சுங்க. பருப்பு கொழைஞ்சிரும், மொதல்ல அடுப்பை அமத்துங்க.”

ரெண்டு விசில்

கண்டக்டர் விசிலும் அதில் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு விசில் என்றால் கிளம்பு. இது தெரிந்தும் நான் ரெண்டு தடவை தொட்டேன். எதிரே நின்ற ஆவூர் டவுன் பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் டீக்கடையில் இருந்தார், கையில் பாதி டீயோடு.

பாவம், அடுத்த நிறுத்தம் வரை யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்த டிரிப்பில் நேராகக் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தோள் பையைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். “பஸ்ஸை நீங்கதான் எடுத்துவிடுறீங்க. டிக்கெட்டையும் நீங்களே கிழிச்சிருங்கக்கா, நான் இங்கிட்டு ஒக்காந்துக்கிறேன்.”

சிரிக்காத ஒருவர்

ரிப்பேருக்கு வந்த ஆவூர்ப் பக்கத்து ஆரோக்கியம் அக்காவின் போனில் மயில் சத்தத்தைப் போட்டேன். எங்கள் ஊரில் அதற்கு எல்லோருமே சிரிப்பார்கள், நிஜ மயிலே வாசலில் நின்று கத்தும்போது இது எதற்கு என்று. அவர் சிரிக்கவில்லை. ரெண்டு ஏக்கர் கொல்லையில் கடலை போட்டிருக்கிறாராம். போன தடவை விதையில் பாதி, காயில் பாதி என்று மயில்கள் தின்றுவிட்டன. அதை அடிக்கக் கூடாது, சட்டம். விரட்டலாம், ஆனால் போகாது. “இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நெலத்தைப் பிளாட்டுக்காரங்களுக்குக் குடுத்துருவோம்ங்கிறான் எம்மகன், குவைத்துலருந்து” என்றார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. பொய் சொல்வானேன், அதைவிட ஆசை அதிகமாக வந்தது. மயில் எந்தச் சத்தத்துக்குப் பயப்படும்? என்னிடம்தான் அறுபத்து நாலு இருக்கின்றனவே. ஆப்பை அவர் போனில் ஏற்றி, கடையில் சும்மா கிடந்த ஸ்பீக்கர் ஒன்றையும் கொடுத்தேன். கிளம்பும்போது மலை மேலிருக்கும் முருகன் கோயிலை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: “அவரு பாட்டுக்கு மேல இருக்காரு. வண்டியை எங்கொல்லையிலல்ல மேய விட்டுருக்காரு.”

முதல் மருந்து

மயில் சத்தத்தையே போடச் சொன்னேன். வேறு மயிலின் இடம் போலிருக்கிறது என்று நினைத்து அவை விலகிப்போகும் என்பது என் ஆராய்ச்சி முடிவு. மூன்றாம் நாள் போன் வந்தது. கொல்லையில் ஐந்தாக இருந்தது எட்டாகியிருந்தது. “ஏ ஆத்தா, வெரட்டச் சொன்னா வெத்தலை பாக்கு வச்சுல்ல அழைச்சிருக்க?”

புலி

வெட்கமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் பூசை முடிந்து வரும் நேரத்துக்கு நானே கொல்லைக்குப் போனேன். ஸ்பீக்கரை வேப்பமரத்தில் கட்டி, புலி உறுமலை முழுச் சத்தத்தில் வைத்தேன். நானே ரெண்டடி பின்னால் நகர்ந்தேன். மயில்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆரோக்கியம் அக்கா வரப்பில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். “அது புலியை எங்க பாத்துச்சு? அதோட பாட்டன் பூட்டனும் பாத்துருக்க மாட்டான். தெரியாத ஆளுக்கு யாரு பயப்படுவா?”

அறுபத்தைந்தாவது

வெடி, ஆம்புலன்ஸ், கழுதை எல்லாம் போட்டாயிற்று. தும்மலுக்கு ஒரு மயில் மட்டும் என்னைப் பார்த்தது. கடலைச் செடிகள் கொத்துக் கொத்தாகப் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. இவர் நிலம் போகப்போகிறது, நான் விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறுத்தியது. அப்போது ஆப்பில் விளம்பரம் வந்தது. இலவச ஆப் என்றால் நடுவில் வரும்தானே. “திருச்சிக்கு மிக அருகில், மெயின் ரோட்டு மேலேயே வீட்டுமனைகள்” என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். எட்டு மயிலும் எழும்பிக் குளத்துக்கு அந்தப் பக்கம் போய் இறங்கின.

நம்பாமல் காத்திருந்தேன். அவை திரும்பி வந்தன. விளம்பரமும் வந்தது. மறுபடி பறந்தன. மூன்றாவது தடவை அதை என் போனில் பதிவு செய்து, விட்டு விட்டு ஓடும்படி அவருக்கு அமைத்துக் கொடுத்தேன். ஏன் அந்தக் குரலுக்கு மட்டும் அந்தப் பயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடலை எடுத்த அன்று பச்சைக் கடலை ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மகன் போன் பேசும்போது பின்னால் அந்தக் குரல் கேட்டு, பிளாட்டுக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டாரா என்று கேட்டானாம். “வந்தாருடா, மயிலுக்குத்தான் வெலை சொன்னாரு. அதுக்கே கட்டுப்படியாகலைன்னு ஓடிருச்சு, நாம எதுக்குக் குடுக்கணும்னு கேட்டேன். சரி, அடுத்த வெள்ளாமையும் போட்டுப் பாரும்மான்னுட்டான் ஆத்தா.”

அறுபத்து நாலு சத்தமும் தோற்ற இடத்தில், எப்போதடா தள்ளிவிடலாம் என்று நாமெல்லாம் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிற அந்த விளம்பரச் சனியன்தான் ஒரு கொல்லையைக் காப்பாற்றியது.