முன் சீட்டு ராசி

எங்கள் வீட்டுப் பழைய காருக்கு ஒரு குணம் இருந்தது. மெக்கானிக்கைக் கண்டால் பரம சாது. குடும்பத்தோடு கிளம்பினால்தான் சண்டித்தனம். வேகத்தடை எதிலாவது ஏறி இறங்கும், இன்ஜின் அப்படியே அடங்கிவிடும். அப்பா சாவியைத் திருகித் திருகிப் பார்ப்பார். கடைசியில் தள்ளுவதற்காக எல்லோரும் இறங்குவோம். இறங்கின கையோடு, தள்ளாமலே கிளம்பிவிடும்.

மந்தைவெளிப் பட்டறைக்காரர் அலுத்துப்போனார். "இன்னா சார், என் கையில நல்லா ஓடிக்கினு கீது. நின்னாதானே இன்னான்னு பாக்க முடியும்?" என்றார். பேட்டரி மாற்றினோம், ஃபியூஸ் மாற்றினோம், நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலையும் சாத்தினோம்.

காரணத்தைக் கண்டுபிடித்தது அத்தைதான். அப்பாவின் அக்கா, தன் பெண்ணுக்குக் கல்யாண நாள் குறித்திருந்தவள். "உன் ஆத்துக்காரி ஏறினாத்தாண்டா நிக்கறது. கவனிச்சியோ?" என்றாள். அப்பா சிரித்தார், ஆனால் கவனிக்க ஆரம்பித்தார். அவர் தனியாகப் போனால் ஓடியது. அத்தை முன்னால் உட்கார்ந்தாலும் ஓடியது. அம்மா ஏறினால் நின்றது.

ராசி என்ற சொல்லை அம்மா எதிரில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டாள். முன் சீட்டு எனக்கு முழுசாகக் கிடைத்தது. அதுவரை அம்மா மடியில்தான் எனக்கு இடம் என்பதால், சந்தோஷம் தாங்கவில்லை.

அத்தை பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுக்க தி.நகர் போனபோதும் அம்மா தனியாகத்தான் பஸ்ஸில் வந்தாள். கடையைவிட்டு வெளியே வந்தால் நல்ல மழை. "இந்த மழைல எங்க போய் பஸ் பிடிப்பே? ஏறு," என்றார் அப்பா. அத்தை புடவைப் பையோடு பின்னால் போய் உட்கார்ந்தாள். அம்மா முன்னால், நான் பழையபடி அவள் மடியில்.

லஸ் பக்கம் ஒரு வேகத்தடை. வண்டி நின்றது.

"நான் சொன்னா யார் கேக்கறா," என்று அத்தை பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பா தயங்கித் தயங்கி, "செத்த எறங்கறியா?" என்றார் அம்மாவிடம்.

"எறங்க மாட்டேன்."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா சாவியைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. எவ்வளவு நேரம்தான் என்னைச் சுமப்பாள்? "அக்கா, இவனைப் பிடிங்கோ, கால் மரத்துப்போச்சு," என்று என்னை இருக்கைகளுக்கு நடுவே பின்னால் தள்ளினாள். நான் நேராகக் கூறைப்புடவை மேல் விழுந்தேன். அப்பா மறுபடி திருகினார். கிளம்பிவிட்டது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நின்றது. அத்தையிடம் கொடுத்தாள். கிளம்பியது. மறுபடி வாங்கினாள், கொடுத்தாள். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

அப்பா, அம்மாவின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஸ்பிரிங் தொய்ந்து, பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயர் மேல் இறங்கியிருந்தது. ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. ஒருவர் எடைக்குத் தாங்கும். இரண்டு பேர் எடை விழுந்தால் தொடர்பு விட்டுப்போகும்.

அத்தை என் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். "இந்தக் குண்டுப் பயலோட வேலையா? ஒயர்தானே, மாத்திட்டாப் போச்சு." அம்மாவால் நின்றவரைக்கும் ராசி, என்னால் என்றதும் அது வெறும் ஒயர். ஒரு வருத்தச் சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை, அப்பா வாயிலிருந்தும் வரவில்லை. அவர் ஒயரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "சரியாயிடுத்து, போலாம்," என்றார் உற்சாகமாக.

அம்மா அப்போதுதான் கதவைத் திறந்து இறங்கினாள். குடைகூட எடுக்காமல் மழையில் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அம்மா, வண்டி சரியாயிடுத்தும்மா," என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னும் பலமாகக் கத்தினேன்.