ஏரிக்குள் விளைந்த பாமாயில் பழம்

எங்கள் மேனேஜர் 'சஸ்டெய்னபிள்' என்று சொல்லும்போது அவர் வாயைப் பார்க்க வேண்டும். அல்வாத் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். விருத்தாசலத்தில் பாமாயில் பழம் வாங்கும் ஒரு கம்பெனியில் நான் அப்போது கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒவ்வொரு குலையும் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும், காட்டையோ ஏரியையோ அழித்து நட்ட மரமாக இருந்தால் பழத்தைத் தானே தள்ளிவிடும், அதுதான் சஸ்டெய்னபிள் என்று அவர் கூட்டம் போட்டுப் பீற்றிக்கொள்வார். களைக்கும் கன்றுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. தோட்டத்தின் நாலு மூலையிலும் நின்று ஜி.பி.எஸ். மிஷினில் இடத்தைப் பதிய வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் ஆபீசிலிருந்து நாலு பேர் போனோம். எங்கள் ஊர் என் பங்கில் வந்தது. சித்திரை வெயில், காலில் புது ஷூ. வற்றிக் கிடந்த ஏரிக்குள் நின்ற ஒரு கருவேல மர நிழலில் பைக்கை நிறுத்தி, எல்லோரையும் பட்டாவோடு அங்கேயே வரச் சொன்னேன். "எங்க நின்னு எழுதனா என்னா, எல்லாம் நம்ம ஊரு மண்ணுதான?" என்றார்கள் அவர்களும். அத்தனை தோட்டத்தையும் அந்த ஒரே இடத்தில் நின்று பதிந்தேன். என் அக்கா மோர்ச் சொம்போடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதை நம்பித்தான் அவள் கரும்பை அழித்துவிட்டுப் பாமாயில் கன்று நட்டிருந்தாள். மாமா செராமிக் கம்பெனியில் வாங்கிய கூலியில் நாலு வருஷம் ஓட்டிவிட்டு, ஊரில் எல்லோருக்கும் முன்னால் முதல் வெட்டு வெட்டி, டிராக்டரில் கொண்டுவந்தாள். வெட்டிய பழம் மறுநாளுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் வீண். கம்ப்யூட்டரோ தோட்டம் ஏரிக்குள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டியது.

"ஏரியிலயாம்மா மரம் வெச்சிருக்க?" என்றார் மேனேஜர்.

"பட்டா நெலங்க சார். வேணும்னா வந்து பாருங்க."

ஏ.சி. ரூமை விட்டு அவர் ஏன் வருகிறார்?

"எங்க ஆளு தப்பா பதிஞ்சிருந்தா சொல்லு. அவன்கிட்ட எழுதி வாங்கிட்டு இப்பவே இறக்கிக்கறேன். அவன் சீட்டையும் இன்னைக்கே கிழிச்சிடறேன். இல்லன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆளு வந்து பாக்கணும், ஒரு வாரம் ஆவும். யாரு வந்து பதிஞ்சது?"

பழத்தின் பூர்வீகம் சொல்லும் அந்த மகா கம்ப்யூட்டரில், பதிந்தவன் பேருக்கு இடமே கிடையாது. நான் அவள் தம்பி என்பதும் மேனேஜருக்குத் தெரியாது.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ ஒரு தம்பிங்க. மொகம் நெனவுல இல்ல."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேனேஜரை இளப்பமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவரைவிடக் கேவலமாக நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"ரிஜெக்ட் போடுப்பா" என்றார். போட்டேன்.

அச்சாகி வந்த சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வரேங்க சார்" என்றாள் அக்கா, என்னிடம்.