தூக்கிப் போட்ட அச்சுகள்

சகாயமேரிக்கு முகம் நினைவில் நிற்காது, வாய்தான் நிற்கும். பஸ்ஸில் எதிர் சீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் போனில் பேசிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தால், இவள் கணவன் ராஜப்பனின் கையைக் கிள்ளி, "அவரு இண்டூர்க்காரருங்க. பேரு முருகன். கீழ்வரிசையில நாலு பல்லு நம்ம லேப்ல கட்டுனது" என்று காதோடு சொல்வாள்.

"ஆளப் பாத்திருக்கறயா?"

"இல்லீங்க. பல்லத்தான் பாத்திருக்கறன்."

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக டயர் கடை வைத்திருக்கும் ராஜப்பனுக்கு இது புரியாத விஷயமல்ல. டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே வண்டி எந்த மாதிரி ரோட்டில் ஓடியது என்று சொல்கிறவன் அவன். ஆனாலும் பெண்டாட்டியைக் கேலி செய்யக் கிடைத்த சாக்கை எந்தப் புருஷன் விடுவான்? "பல்லு சாமியாடி" என்று அவளுக்குப் பேர் வைத்திருந்தான்.

அவள் வேலை பார்ப்பது தருமபுரி டவுனில் ஒரு பல் லேப்பில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசை வைத்து அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் ஸ்டோன் பொடியைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் ஒருவருடைய பல்வரிசை அப்படியே கல்லாகக் கையில் வரும். அதை வைத்துத்தான் பல் கட்டுவார்கள். கல்லின் அடியில் பென்சிலால் பேரும் ஊரும் எழுதுவது வழக்கம். கட்டின பல் கடிக்கிறது, குத்துகிறது என்று யாராவது திரும்பி வந்தால் வேண்டுமே என்று ஆறு மாதம் வைத்திருப்பார்கள். பிறகு சாக்கில் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டுவிடுவார்கள்.

சகாயமேரி போடமாட்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் இரண்டு அச்சுகள் வந்தன. இரண்டு பேருக்கும் ஐம்பது வயது. ஒருவர் டவுன்காரர், இன்னொருவர் சித்தேரி மலைக்காரர். டவுன்காரரின் கடைவாய்ப்பல்லில் மேடும் பள்ளமும் நன்றாகத் தெரிந்தன. மலைக்காரரின் பல்லோ தேய்ந்து தேய்ந்து தட்டையாகிக் கிடந்தது. இது ஏன் இப்படி என்ற கேள்வி அன்றைக்கு அவள் மண்டையில் ஏறியதுதான், இறங்கவே இல்லை. ஆறு மாதம் கழித்தும் அந்த இரண்டு கற்களைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. பிறகு எதையுமே போட மனசு வரவில்லை.

"ஏம்மா, கல்லச் சேத்து சர்ச்சா கட்டப் போற?" என்பார் முதலாளி குப்புராஜ்.

"எடம் அடைக்காம வச்சிக்கறனுங்க" என்பாள். லேப் மேஜையின் அடி நிறைந்ததும் வீட்டுக் கட்டிலின் அடி நிறைய ஆரம்பித்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் அவளுக்கு அரசுக் கல்லூரியில் விலங்கியல் படிக்க இடம் கிடைத்தது. சேர வேண்டிய நாளில் அவள் அப்பா அவளை இந்த லேப்புக்குக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனார். அவர்மேல் அவளுக்குக் கோபமில்லை என்று சொல்வாள். பொய். இருபத்துநாலு வருஷமாகக் கோபம்தான்.

வாட்ஸ்அப்பில் 'பல்லும் எலும்பும்' என்று ஒரு குழு இருந்தது. உயிரியல் மானிடவியல் படிக்கிற மாணவர்களும், படிக்காமலேயே அதன்மேல் பைத்தியமானவர்களும் அதில் கலந்து கிடந்தார்கள். என் தம்பிக்கு இருபத்தெட்டு வயசாகியும் ஞானப்பல் முளைக்கவில்லை, மனுஷ இனம் மாறிக்கொண்டிருக்கிறதா என்று ஒருத்தர் கேட்பார். குரங்குக்குத் தாடை நீண்டது சரி, நமக்கு ஏன் மோவாய் என்று இன்னொருத்தர். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வி வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும், பதில் மட்டும் வராது. அந்தக் காலத்தில் மூக்கை அளந்து சாதி சொன்னார்களாமே என்று ஒருநாள் பெரிய சண்டை. அதில் சகாயமேரி முதல்முறையாக வாய் திறந்தாள்: "நான் ஆயிரக்கணக்கான வாய் பார்த்தவள். சாதி எந்தப் பல்லிலும் இல்லை. என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் இருக்கிறது."

ஐந்து நிமிஷத்தில் தனியாக ஒரு செய்தி வந்தது. "அக்கா, நான் நிர்மலாதேவி. இண்டூர்தாங்க சொந்த ஊரு. பிஎச்.டி பண்றேன். உங்ககிட்ட பேசலாமுங்களா?"

பேசினார்கள். மூன்று வருஷம் பேசினார்கள். நிர்மலா இவளுக்கு நிம்மி ஆனாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு சகாயமேரி அந்தப் பெண்ணோடு கட்டிலடிக் கற்களை வரிசையாகப் பரப்பி உட்கார்ந்தாள். நிர்மலா புத்தகத்தில் படித்ததைச் சொல்வாள், இவள் கையில் பார்த்ததைச் சொல்வாள். அச்செடுக்கக் கற்றுக்கொடுங்கள் என்று நிர்மலா கேட்டபோது இவள் தன் வாயையே திறந்து காட்டினாள். பசை அதிகமாகித் தொண்டைவரை போய், இவள் குமட்ட, அவள் பதற, கடைசியில் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சகாயமேரியின் இடதுபக்கத் தெத்துப்பல் அந்தக் கல்லில் அழகாக விழுந்திருந்தது. "ச.மேரி, அதியமான்கோட்டை" என்று நிர்மலாவே அடியில் எழுதினாள்.

அவர்கள் தேடிய பதில் கிடைத்தது சித்தேரியில். இலவசப் பல் முகாமுக்கு டாக்டர்களோடு சகாயமேரியும் மலைக்குப் போயிருந்தாள். நிர்மலா அன்றைக்கு வரவில்லை, சளி. மாது என்கிற பெரியவர் வீட்டில் மதியம் களி போட்டார்கள். முதல் உருண்டையிலேயே பல்லுக்கிடையில் ஏதோ நெறநெறத்தது. மண்ணா என்று கேட்டாள். "மண்ணு இல்லம்மா, கல்லு. எங்கூட்ல இன்னும் திருகையிலதான் அரைக்கறோம். கல்லு தேயுது இல்ல, அது எங்க போவும்? மாவுலதான்" என்றார் மாது. சகாயமேரி வாயில் களியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டயர் மாதிரிதான், ரோடு கரடானால் தேய்மானம் கூடும். அன்றிலிருந்து டாக்டர்களிடம் நம்பர் வாங்கி, அச்சுக்குரிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மாவு எங்கே அரைக்கிறீர்கள் என்று கேட்டாள். திருகை என்றால் அடியில் 'தி', மில் என்றால் 'மி'. படிப்பதற்கு வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதியும் கேட்டாள். "என் பேரச் சொல்லிப் படிச்சாச் சரி" என்றார் முகாமில் அச்சு கொடுத்த மாது.

சொன்னதைக் கேட்டு நிர்மலா போனிலேயே கத்தினாள். "அக்கா, இது பேப்பர்! சத்தியமா பேப்பர்! என் பேருக்குப் பக்கத்துல உங்க பேரு வரும்க்கா."

இதைச் சகாயமேரி ராஜப்பனிடம் சொன்னாள், குப்புராஜிடம் சொன்னாள், செத்துப்போன அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி அவரிடமும் சொன்னாள். கல்லூரி வாசலை மிதிக்காதவள் பேர் படித்தவர்கள் படிக்கிற இடத்தில் அச்சாகப் போகிறது. அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கற்களை யுனிவர்சிட்டிக்குக் கொண்டுபோவதற்கு முந்தின ஞாயிறு, நிர்மலா உப்புத்தாளோடு வந்தாள். "அக்கா, பேரோட எந்த அச்சும் உள்ள வரக் கூடாதாம். எதிக்ஸ் கமிட்டி ரூல். எல்லாத்தையும் தேச்சி அழிச்சிட்டு நம்பர் போடணும்."

ரூல் நியாயமாகத்தான் பட்டது. யாருக்கு எத்தனை பல் இல்லை என்று ஊருக்கெல்லாம் ஏன் தெரிய வேண்டும்? சம்மதம் கிடைத்த நானூற்றுப் பன்னிரண்டு கற்கள். பாதிக்கு மேல் சகாயமேரியே தேய்த்தாள். மாதுவின் பேர் வந்தபோது கை தயங்கியது. அழித்தாள். அப்புறம் தெத்துப்பல் கல் வந்தது.

"என் பேரயுமா?"

"ரூல் ரூல்தானுங்களே அக்கா. உங்க பேருதான் மேல பெருசா வரப்போவுதே."

அதையும் தன் கையாலேயே தேய்த்தாள். 212 என்று எழுதினாள். எந்த நம்பர் யாருடையது, யார் 'தி', யார் 'மி' என்று அவள் குறித்து வைத்திருந்த நோட்டையும் நிர்மலா வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது, அடுத்த சுற்றுக்கு இன்னும் சேர்த்து வையுங்கள் என்றாள்.

பத்து மாதம் அவளிடமிருந்து பேச்சு மூச்சில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் விழும், பதில் விழாது. படிக்கிற பிள்ளை, வேலை இருக்கும் என்று சகாயமேரி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒருநாள் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. பூங்கொத்துகளுக்கு நடுவே அந்தப் பேப்பர் இருந்தது. திறந்தாள். நிர்மலாதேவியின் பேர் இருந்தது. அவளுடைய பேராசிரியரின் பேர் இருந்தது. சகாயமேரி என்ற பேரை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டித் தேடிக்கொண்டே கடைசிப் பக்கம்வரை போனாள். இல்லை. கற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரே ஒரு வரி. போனிலேயே தமிழாக்கிப் பார்த்தாள். "ஒரு தனியார் பல் லேப் தூக்கிப் போட்ட அச்சுகள்."

பதினோரு வருஷம் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். போன் அடித்தாள். நான்காவது தடவையில் எடுத்தாள் நிர்மலா.

"டிகிரி இல்லாதவங்க பேரப் போட்டா கேள்வி வரும்னு சார் சொல்லிட்டாருங்கக்கா. லேப்பு பேரு வந்தா உங்க மொதலாளி உங்கள ஏதாவது சொல்வாரு. உங்களுக்காகத்தாங்கக்கா பாத்தன்."

உங்களுக்காகத்தான். அப்பாவும் அன்றைக்கு லேப் வாசலில் இதே சொல்லைத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் டவுனில் ஒரு கல்லூரியில் நிர்மலாவின் உரை. குழுவில் அழைப்பு வந்தது, அனைவரும் வருக என்று. சகாயமேரி அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். சண்டை போட அல்ல. நேரில் பார்த்தால் அந்தப் பெண் மனசு இளகி ஒரு வார்த்தை சொல்லும் என்று நம்பினாள். அப்படியும் ஒரு நம்பிக்கை!

திரையில் ஒரு கல் பெரிதாக வந்தது. இடதுபக்கம் தெத்துப்பல். கீழே 'நபர் எண் 212. பெண். ஆள் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. சகாயமேரியின் நாக்கு தானாகப் போய்த் தன் தெத்துப்பல்லைத் தொட்டது.

பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "மேம், திருகைக் கல்லுதான் காரணம்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

நிர்மலா சிரித்தாள். "ஒரு நாள் களி சாப்பிட்டுக்கிட்டு இருந்தன். பல்லுல நெறநெறன்னுச்சு. அப்படியே வாயில களியோட உக்காந்துட்டன். அப்பதான் தோணுச்சு."

பேரை எடுத்துக்கொண்டதைக்கூடச் சகாயமேரி பொறுத்திருப்பாள். அவள் வாயில் இருந்த கவளத்தையுமா எடுத்துக்கொள்வது? தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. நிர்மலாவும் பார்த்தாள். ஒரு நொடி முகம் வெளுத்தது, அவ்வளவுதான். மைக்கை நெருக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இவங்கதாங்க அந்த லேப்ல வேலை செய்யற அக்கா. ரொம்ப நல்லவங்க. எனக்கு நெறைய ஹெல்ப் பண்ணாங்க. அக்காவுக்கு எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க."

தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். சகாயமேரி பேச வாயெடுத்தாள். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் மட்டும் அவள் வாயைப் பார்த்தாள், திரையில் இன்னும் நின்ற தெத்துப்பல்லைப் பார்த்தாள், தட்டுவதை நிறுத்தினாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் சகாயமேரி கேட்டாள்: "அந்தக் களிய நீ தின்னயா, நிம்மி?"

"அப்புறமா பேசலாங்கக்கா. நெக்ஸ்ட் கொஸ்டின்?"

அப்புறம் பேசவில்லை. இவள் டீக்கும் நிற்காமல் வந்துவிட்டாள். ராஜப்பன் கேட்டதற்கு, "போனன், கை தட்டுனாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவன் கேலி செய்யவில்லை.

மறுநாள் காலை லேப்பில் அவள் சாக்கை எடுத்ததைக் குப்புராஜ் பார்த்தார். அடுத்த சுற்றுக்கென்று மேஜையடியில் சேர்த்து வைத்திருந்த எழுபது, எண்பது கற்கள். மலையிலிருந்து மாது இரண்டாம் முறையாகக் கொடுத்த தன் பல் அச்சும் அதில் இருந்தது, அடியில் பேரும் ஊரும் ஒரு 'தி'யும். உப்புத்தாளை அவள் தேடவில்லை. பேர்களோடேயே ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டாள்.

"என்னாம்மா, கல்லெல்லாம் வேணாமா?"

"வேணாமுங்க."

குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. சாக்கு கனமாக இருந்ததால் இரண்டு கையாலும் இழுத்துப் போய்த் தூக்கிப் போட்டாள். நிர்மலாதேவி எழுதியது அன்றைக்குத்தான் உண்மையாயிற்று.