வெள்ளிமலைச் சந்தையில் காளான்

எங்கள் ஊரில் யாருமே காளான் சாப்பிட மாட்டார்கள் என்பதைக் கொட்டகை போட்டு முடித்த பிறகுதான் அம்மா கண்டுபிடித்தாள். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய இடத்தைத் தட்டி வைத்து அடைத்து, ஈரச் சாக்கு கட்டி, வேகவைத்த வைக்கோலும் காளான் விதையும் நிரப்பிய பாலித்தீன் பைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். பயிற்சி வகுப்பில் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தாள். வாங்குவதற்கு ஆள் தேடுவதை மட்டும் அங்கே சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

"நாய்க்கொடைய எவன்டி துன்னுவான்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

நியாயமான கேள்விதான். பறித்த காளான் மறுநாளே வாடிவிடும். விற்காததை நாங்களே சாப்பிட்டோம். காளான் குழம்பு, காளான் பொரியல், காளான் போட்ட சோறு. பள்ளிக்கூடத்தில் என் டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவள் தள்ளி உட்காருவாள். இப்போது என் மகளுக்கு டப்பா கட்டும்போது, அன்றைக்கு அம்மா என்ன நினைத்துக்கொண்டு அதை மூடிக் கொடுத்திருப்பாள் என்று யோசிக்கிறேன். ஒன்றும் நினைக்காமலும் இருந்திருக்கலாம்.

ஆனால் கொட்டகைக்குள் அம்மா வேறு ஆளாக இருப்பாள். பையின் ஓட்டையில் குண்டூசித் தலை அளவுக்கு மொட்டு எட்டிப் பார்த்தால் மூச்சைக்கூட மெதுவாக விடுவாள். எனக்கு அந்தப் பைகளின்மேல் பொறாமையாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அப்பா சொன்னார். "இதான் கடைசி வாட்டி. வித்துச்சின்னா கொட்டா இருக்கட்டும். இல்லன்னா பிரிச்சிட்டு ஆடு கட்டப் போறன்."

அப்பா கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அம்மா பயந்துபோனாள்.

"மலைக்காரங்க காளான் துன்னுவாங்க, பாப்பா. அங்க எடுத்துக்கினு போலாம்" என்று மறுநாள் காலையில் என்னை எழுப்பினாள். முந்தின இரவு மலைப்பக்கம் நல்ல இடி. ஜில்லென்று இருக்கிறது, காளான் வாடாது என்று அம்மாவுக்கு அதிலும் ஒரு சந்தோஷம். கூடையில் ஈரத்துணி போட்டு மூடி, கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் பிடித்தோம். வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. அம்மா ஒரு கையால் என் நெற்றியையும் மறு கையால் கூடையையும் பிடித்துக்கொண்டாள்.

சந்தையில் கடுக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு மலைக்காரப் பெண்மணி எங்களுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். கூடையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பொண்ணு, வூட்ல வளத்ததா?"

"ஆமாங்க."

"ராத்திரி இடிச்ச இடிக்கு எங்க காட்ல தானா மொளைச்சிக் கெடக்குது. பொறுக்கிக்கினு வந்தா ஆச்சி. இத காசு குடுத்து எவரு வாங்குவாரு?"

எதிர் வரிசையில் இருந்தவள் குரல் கொடுத்தாள். "அடுத்த வாரம் வரும்போது கொஞ்சம் காத்து புடிச்சிக்கினு வா பொண்ணு, நாங்க வாங்கிக்கிறம்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அம்மாவே சிரிக்கிறாளே என்று நானும் சிரித்தேன்.

மதியத்துக்குமேல் காளானின் ஓரமெல்லாம் மஞ்சளடித்துவிட்டது. அம்மா ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துச் சுற்றி இருந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தாள். கடுக்காய்க்காரி ஒரு படி சாமையை எங்கள் கூடையில் கொட்டினாள். "புள்ளைக்குப் பொங்கிப் போடு, போ."

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கத்தினேன். "எல்லாம் வித்துப் போச்சிப்பா!"

அப்பா கூடைக்குள் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "கொல்லந்தெருவுல ஊசி விக்கப் போனியா?" என்று மட்டும் கேட்டார். அம்மா கொடியில் துணி எடுக்கப் போனாள்.

அந்த வாரமே கொட்டகையைப் பிரித்தார்கள். பைகளை அம்மாவே அவிழ்த்துக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டாள். ஆடு வந்தது. அதன் பிறகு விடாமல் மழை பெய்தது.

மழை விட்ட ஒரு காலையில் எருக்குழிப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கிழிந்த பைகள் எல்லாவற்றிலிருந்தும் காளான், கொத்துக் கொத்தாக. கொட்டகைக்குள் ஒருநாளும் அவ்வளவு வந்ததில்லை, அவ்வளவு பெரிதாகவும் வந்ததில்லை. நான் போட்ட சத்தத்தில் அம்மா சோற்றுக் கரண்டியோடு ஓடி வந்தாள். வந்து, சேற்றிலேயே குந்தி உட்கார்ந்தாள்.

"பறிக்கட்டுமாம்மா? அப்பாக்குக் காட்டுனா திருப்பி கொட்டா போட்டுத் தருவாரு."

"வேணாம் பாப்பா."

"அப்ப விக்கலாம்மா."

"இன்னாத்துக்கு? சும்மா பாரு."

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கொத்தை மட்டும் தொட்டாள், அதுவும் புறங்கையால். வீட்டுக்குள்ளிருந்து சோறு தீயும் வாடை வந்தது. சொன்னேன். எழுந்திருக்கவில்லை. யாரும் வாங்காத ஒன்றை எதற்காக இப்படி உட்கார்ந்து பார்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.