மான்கள் ஏறாத காலிப் பெட்டி

தாராவியில் பிறந்தவளுக்கு இடம் பிடிப்பது தண்ணீர் பட்ட பாடு. எங்கள் சந்தின் குழாயடியில் ஓர் ஓட்டைக் கேனை வரிசையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் தோசை வார்த்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அந்தக் கேன்தான் நாம். அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால் என் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால்தான், செம்பூரில் புல்வெளிகளைப் பாதுகாக்கும் ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர்களுடைய திட்டம் எனக்கு உடனே பிடித்துப்போனது. சோலாப்பூர் பக்கம் மழை குறைந்த மேட்டுநிலம் ஒன்று. மரம் அதிகமில்லை, கண்ணுக்கெட்டிய வரை புல். வெளிமான்கள் வாழும் இடம். மழை மாதங்களில் ஆட்டுக்காரர்களின் செம்மறிகளும் அங்கேதான் மேயும். ஊராரிடம் பேசிப் பாதி நிலத்துக்கு முள்வேலி போட்டோம். மான்கள் போய்வர அங்கங்கே திறப்பு, ஆடு புகுந்துவிடாமல் பார்க்க ஒரு காவலாள். மானுக்காக நாங்கள் வைத்த கேன் அது.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஏட்டி, இங்க மனுசனுக்கே கால நீட்ட எடமில்ல. மானுக்கு எடம் புடிச்சிக் குடுக்கவா ஒன்னப் படிக்க வச்சேன்?" என்றாள். திட்டிக்கொண்டே புளிச்சோறு கட்டித் தந்தாள். எனக்கு ஒரு பொட்டலம், மாவ்ஷிக்கு ஒன்று.

மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. அங்கே மந்தை வைத்திருக்கும் பெண்ணை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வேலியால் அவளுடைய மேய்ச்சல் பாதியாகிவிட்டது. வேலிக்குள் மான் பெருகினால் அடுத்த வருடம் மீதி நிலத்துக்கும் வேலி போடுவதென்று எங்கள் கமிட்டி பேசிக்கொண்டிருந்தது. அப்படி நடந்தால் அவள் தாய் ஆடுகளை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. வேலிக்குள் மேயும் மான்களைப் படமெடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். எனக்கு மானும் வேண்டும், மாவ்ஷியும் வேண்டும்.

போய்ப் பார்த்தால் வேலிக்குள் ஒரு மான்கூட இல்லை. புல் மட்டும் இடுப்பளவு வளர்ந்து ஜம்மென்று நின்றது. மான்களெல்லாம் வெளியே, ஆடுகள் மேய்ந்து முடித்த இடத்தில், மந்தைக்குக் கொஞ்சம் பின்னால் நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தன. மாவ்ஷி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அவற்றின் பக்கம் வீசினாள்.

"பாத்தியா? தனி வீடே கட்டிக் குடுத்தீங்க. அங்க தின்னாம என் தட்டுலயே வந்து கைய வைக்குதுங்க."

அங்கே அப்படி என்னதான் குறை என்று பார்க்க, வேலிக்குள் போய்ப் புல் நடுவே உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பக்கத்தில் ஏதோ சரசரத்தது. காற்றா, ஓநாயா? புல்லைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. அடித்துப் பிடித்து எழுந்து, ஆடுகள் இருந்த பக்கம் ஓடினேன். பாதி ஓட்டத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆபீஸ் நேரத்தில் தாதர் ஸ்டேஷனுக்கு ஒரு ரயில் வருகிறது. எல்லாப் பெட்டியிலும் ஆட்கள் தொங்குகிறார்கள், ஒரு பெட்டி மட்டும் காலி. ஊருக்குப் புதியவர்தான் அதில் ஆசையாகப் பாய்ந்து ஏறுவார். மும்பைக்காரி ஏற மாட்டாள். உள்ளே யாரோ வாந்தி எடுத்திருப்பார்கள், இல்லை குடிகாரன் ஒருவன் கலாட்டா செய்துகொண்டிருப்பான். நெரிசல் பெட்டியிலேயே ஒற்றைக் காலில் நின்று போய்விடுவாள். மானும் அதைத்தான் செய்திருக்கிறது. உயர்ந்த புல்லில் ஓநாய் வருவது அதற்குத் தெரியாது. ஆடு மேய்ந்த இடத்திலோ தூரம் வரை கண்ணுக்குத் தெரியும், கடிக்க இளந்தளிரும் இருக்கும். நானே ஏறாத பெட்டியை மானுக்குப் பிடித்து வைத்திருந்தோம்.

என்ன சிரிப்பு என்று மாவ்ஷி கேட்டாள். சொன்னேன். அவளுக்கு ரயில் கதை பிடித்துப்போய், இன்னும் கேட்டாள். நின்றுகொண்டு வருபவள் உட்கார்ந்திருப்பவளிடம் எங்கே இறங்குவாய் என்று கேட்டு வைத்தால், அந்த சீட் அடுத்து கேட்டவளுக்குத்தான் என்றேன்.

"எடையில வேற எவளும் உக்கார மாட்டாளா?"

"உக்காந்தா அன்னைக்கு லேடீஸ் பெட்டியில பெரிய ரகளைதான்."

அவள் மண்ணாங்கட்டி எறிவதை நிறுத்திவிட்டு மான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டியில் இரண்டு படங்களைக் காட்டினேன்: மானில்லாத வேலி, ஆட்டுக்குப் பின்னால் மான். மந்தையை வேலிக்குள்ளும் மேய விடலாம் என்றேன். ஆட்டை உள்ளே விட்டால் புல் மிஞ்சுமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கவலைதான். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மந்தை ஒவ்வொரு பகுதியாக மேயட்டும். மேய்ந்து நகர்ந்த இடத்துக்கு அந்த வருடம் திரும்பக் கூடாது. கடைசித் துண்டு விதை உதிரும் வரை ஆடு படாமல் இருக்கட்டும். மாவ்ஷி ஒத்துக்கொண்டாள். இரண்டாவது வேலிப் பேச்சு நின்றது. தாய் ஆடுகள் பிழைத்தன. அன்று மாட்டுங்காவில் இறங்கி, அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவு சந்தோஷம்.

தீபாவளி கழிந்ததும் மந்தைகள் மேட்டுநிலத்தை விட்டுக் கடலோரக் கொங்கணத்துக்கு இறங்கிவிடும். மும்பைக்கு வெளியே அம்பர்நாத்தைத் தாண்டி, அறுவடை முடிந்த வயல் ஒன்றில் மாவ்ஷி கூடாரம் போட்டிருப்பதாகப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் புளிச்சோற்றோடு போனேன். என்னை நலம் விசாரிப்பதற்கு முன்னால் அவள் கேட்டது இதுதான்: "அவங்க வந்தாங்களா?"

போனில் காவலாள் அனுப்பிய படத்தைக் காட்டினேன். பழைய வேலிக்குள், அவளுடைய ஆடுகள் மேய்ந்து கொடுத்த புல்லில், மான்கள் குட்டிகளோடு பரவியிருந்தன. மாவ்ஷி புளிச்சோறு ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நாங்க எறங்கியாச்சுன்னு சொல்லு," என்றாள். "நல்லா சாஞ்சு உக்காரட்டும்."